இருநூத்தி எண்பது மில்லிசெகண்ட்

இருநூத்தி எண்பதுன்னு திரையில பார்த்ததும்தான் நான் நிமிந்து உக்காந்தேன். அது வரைக்கும் நான் பாட்டுக்குக் கடைசி வரிசையில உக்காந்து டீ குடிச்சுக்கிட்டிருந்தேன். பதினொண்ணேகாலுக்கு மூணாவது மாடி ஹால்ல தியாகு ஒரு புது புரோகிராம் காட்டறான், நேரம் இருக்கறவங்க வரலாம்னு ஆபீஸ் முழுக்க மெயில். தியாகு எனக்குப் பக்கத்து டேபிள். ஒன்பது வருஷமா. நான் டப்பாவைத் தொறந்தா முதல் வாய் அவன் எடுப்பான், அவன் தொறந்தா முதல் வாய் நான். அப்பேர்ப்பட்டவன் என்ன காட்டப் போறான்னு எனக்கே மெயில்லதான் தெரியுது பாருன்னு சிரிச்சுக்கிட்டேதான் மாடி ஏறினேன். காலையில வந்து, ‘வளர், அஞ்சு நிமிஷம் பேசணும்’னான். முகம் ஒரு மாதிரி இருந்துச்சு. எங்க சாஃப்ட்வேரை வாங்கின மில்லுக்காரர் ஒருத்தர் போன்ல கத்திக்கிட்டிருந்தார், எனக்கு அது பெரிசாத் தெரிஞ்சுது. ‘சாப்பிடறப்ப பேசிக்கலாம் போ’ன்னுட்டேன். இப்பத் திரையில நிக்குது: ரெண்டு தட்டலுக்கு நடுவுல இடைவெளி, 280 மில்லிசெகண்ட். இந்த நம்பரை யாரும் சும்மா வைக்க மாட்டாங்க. எங்க தொழில்ல சும்மா ஒரு நம்பர் வைக்கணும்னா இருநூறு வைப்பாங்க, முந்நூறு வைப்பாங்க, ரொம்ப யோசிச்சா இருநூத்தம்பது. இருநூத்தி எண்பதுங்கறது அளந்து எடுத்த நம்பர். அளந்தவ நான். அளந்தது எங்கண்ணன் விரலை.

எங்கண்ணன் நாச்சிமுத்து. பொள்ளாச்சி ரூட்ல பிரைவேட் பஸ் கண்டக்டரா இருந்தவன். வாய் ஓயாது. ‘படியில நிக்கற மாப்பிள்ளைக எல்லாம் சித்த உள்ள வாங்க, பொண்ணு உள்ளதான் இருக்குது’ன்னு சொல்லிச் சொல்லியே பஸ்ஸை நெரப்பிருவான். அஞ்சு வருஷத்துக்கு முன்னாடி ஒரு காலையில பல்லு வெளக்கறப்ப மூளையில ரத்தம் அடைச்சு விழுந்தான். கண்ணு தொறந்தப்ப அந்தக் கண்ணும், வலது கை ஆள்காட்டி விரலும்தான் அவன் பேச்சைக் கேட்டுச்சு. நாக்கு கேக்கல. ஆனா உள்ள அத்தனையும் அப்படியே இருக்குன்னு டாக்டருங்க சொன்னாங்க, கண்ணைப் பார்த்தாலே எனக்கும் தெரிஞ்சுது. அத்தனை பேச்சும் உள்ளயே கெடக்குது. அதுக்காகத்தான் இந்தப் புரோகிராமை எழுதினேன். ஒரு பழைய கீபோர்டுல ஸ்பேஸ் பாரை மட்டும் விட்டுட்டு மத்ததை எல்லாம் ஸ்க்ரூ டிரைவர் வச்சுப் பேத்தெடுத்தேன். திரையில எழுத்து வரிசை வரிசையா இருக்கும். ஒவ்வொரு வரிசையா மஞ்சளா மினுங்கிக்கிட்டே வரும். வேணுங்கற வரிசை மினுங்கறப்ப ஒரு தட்டு. அப்புறம் அந்த வரிசைக்குள்ள எழுத்து எழுத்தா மினுங்கும், அதுல ஒரு தட்டு. எழுத்து மேல போய் உக்காந்துக்கும். தப்பாப் போச்சுன்னா அழிக்கறதுக்கும் ஒரு கட்டம். ‘தண்ணி’ன்னு எழுதறதுக்கு ரெண்டு நிமிஷம் ஆகும். முதல் நாள் அவன் எழுதினது தண்ணி இல்ல. ‘போலாம் ரைட்’. அன்னைக்கு நான் சமையக்கட்டுக்குள்ள போய் அழுதுட்டு வந்தேன். அதே மஞ்சள், அதே வரிசை, இப்பத் தியாகுவுக்குப் பின்னாடி சுவத்துல எட்டடிக்கு மினுங்குது.

வெளியில இருந்து பார்க்கறவங்களுக்குத் திரையில தெரியற விண்டோங்கறது ஒரு டப்பா, அவ்வளவுதான். எழுதறவளுக்குத்தான் தெரியும் அது என்ன பாடுன்னு. முதல்ல சிஸ்டத்துக்கிட்ட எடம் கேக்கணும், இத்தனை அகலம், இத்தனை உயரம், மேல இந்தப் பேரு. குடுத்துச்சுன்னா அதோட வேலை முடிஞ்சுது, நம்ம வேலை அப்பத்தான் ஆரம்பம். கேட்டுக்கிட்டே இருக்கணும். ஏதாச்சும் வந்துச்சா, ஏதாச்சும் வந்துச்சா. வந்தா எடுத்து, என்னன்னு பார்த்து, கை அமுக்குச்சா, கை எடுத்துச்சா, மவுஸ் நகந்துச்சா, எது எதுக்கு என்ன செய்யணுமோ அதைச் செஞ்சுட்டு, திரும்பவும் வந்துச்சான்னு கேக்கணும். அந்தக் கேள்வியைச் சித்த நேரம் நிறுத்தினாப் போதும், விண்டோ வெளுத்துப் போயிரும், இவங்க பதில் சொல்ல மாட்டேங்கறாங்கன்னு சிஸ்டமே தலை மேல எழுதி ஒட்டிரும். ஒரு நாள் நான் ஆபீஸ்ல இருக்கறப்ப ஏதோ அப்டேட்டுன்னு ஒரு சின்ன விண்டோ குறுக்க வந்து நின்னுருக்குது. அண்ணன் தட்டினதெல்லாம் அதுக்குப் போயிருக்குது. நாப்பது நிமிஷம் தட்டியிருக்கான், ஒரு எழுத்து ஏறல. நான் வந்து பார்க்கறப்ப கண்ணு ரெண்டும் ரத்தச் சிவப்பு. அன்னைக்கே உக்காந்து, வேற எவன் வந்தாலும் அரை செகண்டுல எங்க விண்டோ மேல வந்து நிக்கற மாதிரி எழுதினேன். இன்னொரு நாள் பகல்ல அவனைப் பார்த்துக்கற மயிலாத்தாக்கா தூசி தட்டறேன்னு மவுஸைத் தொட்டு, பாதிப் பேச்சுல மூடிருச்சு. அப்புறம் மூடற எக்ஸை மூணு தடவை வேக வேகமா அமுக்கினாத்தான் மூடும்னு மாத்தினேன். ஒண்ணொண்ணும் ஒரு நாள் அழுகை. அதையெல்லாம் தியாகு இப்ப, ‘ஃபோகஸ் போகாமப் பாத்துக்கறோம், தெரியாத்தனமா மூடிராமப் பாத்துக்கறோம்’னு வரிசையாச் சொல்றான். பாத்துக்கறோமாம். யாருடா பாத்துக்கிட்டது.

முன் வரிசையில கோபிநாத் சார், எங்க முதலாளி, காலு மேல காலு போட்டுக்கிட்டு. அவருக்குப் பக்கத்துல வாதம் வந்தவங்களுக்குப் பயிற்சி குடுக்கற சென்டர்ல இருந்து டாக்டர் ரேச்சல். அண்ணனை வாரம் ஒருக்கா கூட்டிட்டுப் போற சென்டர்தான், ஆனா அவங்க புதுசு, எங்களைத் தெரியாது. அவங்க குறிப்பெடுத்துக்கிட்டே தலையாட்டறாங்க. முதல் ஸ்லைடுல பெரிசாப் போட்டிருந்துச்சு, ‘உருவாக்கம்: மு. தியாகராஜன்’. அப்ப நான் பெருமையா வேற பார்த்தேன், நம்ம பையன் பேரு எவ்வளவு அழகா இருக்குன்னு. நம்ப வச்சுக் கழுத்தறுக்கறதும்பாங்களே, அதுக்கு முதல்ல கழுத்தைத் தடவிக் குடுக்கணும் போல இருக்குது. அவன் எங்க வீட்டுக்கு வருவான், மாசத்துல ரெண்டு ஞாயித்துக்கிழமை. அண்ணன் கட்டிலைவிட்டு நழுவி விழுந்தப்ப தூக்கிப் படுக்க வச்சவன் அவன்தான். ஸ்டூலை இழுத்துப் போட்டுக் கையைக் கட்டிக்கிட்டு உக்காந்துருவான். அண்ணன் ஒரு வரி தட்டி முடிக்கற வரைக்கும் வாயைத் தொறக்க மாட்டான், பத்து நிமிஷம் ஆனாலும். நான் அப்படி இல்ல. ‘த’ன்னு ஒரு எழுத்து ஏறினா, ‘தண்ணியாண்ணா, தலைவலியா, தலகாணியா’ன்னு கேட்டுருவேன். அவனுக்குச் சிரமம் கொறையட்டும்னுதான். ஒரு நாள் அஞ்சு நிமிஷம் தட்டி எழுதினான், ‘முடிக்க விடு’. அதையும் ‘மு’ வந்ததுமே முறுக்கான்னு கேட்டேன். அது கெடக்கட்டும். கேள்வி கேக்கற நேரம் வரும். கோபிநாத் சார் எப்பவும் கடைசியில திரும்பிப் பார்த்து, ‘எனி கொஸ்டின்ஸ்’னு கேப்பார். அப்ப நான் எந்திரிப்பேன். இது என்னுதுன்னு சொல்வேன். எந்த வரியில என்ன இருக்குன்னு இவனைச் சொல்லச் சொல்லுங்க, நான் கண்ணை மூடிக்கிட்டுச் சொல்றேன்னு சொல்வேன். ஏன் இருநூத்தி எண்பதுன்னு கேளுங்க சார்னு சொல்வேன். இவனுக்குத் தெரியாது. கப்பைக் கீழ வச்சுட்டேன்.

ஏன் இருநூத்தி எண்பது. அண்ணன் ஒரு தட்டு தட்டினா அது ஒண்ணா நிக்காது. விரல் எறங்கினதும் நடுங்கும், கூட ரெண்டு மூணு தட்டு விழும். அவன் நெனச்சது எது, நடுக்கம் எதுன்னு பிரிக்கணும். ஒரு தட்டு வந்து எத்தனை நேரத்துக்குள்ள அடுத்தது வந்தா அது நடுக்கம், அதுக்கு மேல போனா அவன் நெஜமாத் தட்டினது. அதைக் கண்டுபிடிக்க ஒரு வாரம் அவன் தட்டினது அத்தனையையும் நேரம் போட்டுப் பதிஞ்சேன். இது எங்க ஆளுங்க எல்லாரும் செய்யறதுதான். வர்ற ஒவ்வொரு ஈவென்ட்டையும், அதாவது ஒவ்வொரு தட்டையும், ஒரு ஃபைல்ல எழுதி வச்சுக்கிட்டா, அப்புறம் அதை அப்படியே திரும்ப ஓட்டிப் பார்க்கலாம், ஆளு இல்லாமலே தட்டற மாதிரி. ஒரு வாரத்துல நம்பர் கெடைச்சிருச்சு. கெடைச்சதும் பதியறதை நிறுத்தியிருக்கணும். ஒரே ஒரு வரி. எடுத்திருக்கலாம். எடுக்கல. இதை இப்ப எதுக்கு நெனைக்கறேன், இதுக்கும் தியாகு செஞ்சதுக்கும் என்ன சம்பந்தம். அவன் திருடன், நான் இல்ல. முதல் நாளே அண்ணன் கேட்டான், ‘நான் எழுதறதை நீ படிப்பியா’ன்னு. ‘அம்மா சத்தியமாப் படிக்க மாட்டேன். நீ யாருக்குக் காட்டறயோ அவங்க மட்டும்தான்’னேன். சத்தியம் பண்ணினப்ப அது நெஜம்தான். மத்தியானத்துல யாரும் இல்லாதப்ப அவன் தனக்குத்தானே எழுதுவான், எழுதி அழிச்சுருவான். திரையில ஒண்ணும் இருக்காது. ஆனா ஃபைலுக்கு அழிக்கறதுன்னு ஒண்ணு கெடையாது. அழிச்சதும் அதுக்கு ஒரு தட்டுதான், அதையும் எழுதிக்கும். காலையில அடுப்புல பால் பொங்கறதுக்குள்ள சமையக்கட்டு மேடையில லேப்டாப்பை வச்சு முந்தின நாளை ஓட்டிப் பார்ப்பேன். முதுகு எரியுதுன்னு எழுதி அழிச்சிருந்தான். பார்த்தா படுக்கைப் புண்ணு. படிக்காம இருந்திருந்தா சீழ் வச்சிருக்கும். எள்ளுருண்டை வேணும்னு எழுதி அழிச்சிருந்தான், சாயங்காலம் வாங்கிட்டுப் போனேன். எத்தனை அண்ணனுங்களுக்கு அப்படி ஒரு தங்கச்சி அமையும். அவன் எள்ளுருண்டையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். இவளுக்கு எப்படித் தெரிஞ்சுதுன்னு சந்தோசப்படறான்னு நெனச்சுக்கிட்டேன். மூணு வருஷம் ஆச்சு.

தியாகுவுக்கு எப்படிக் கெடைச்சுது. அதைத்தான் யோசிக்கணும், மத்தது எல்லாம் அப்புறம். அந்த லேப்டாப் வீட்டைவிட்டு வெளிய வந்ததில்ல. ஆபீஸுக்கு நான் எடுத்துட்டு வந்ததில்ல, யாருக்கும் அனுப்பினதில்ல. சென்டருக்குக் குடு, அங்க என்னை மாதிரி பதினாலு பேர் இருக்காங்கன்னு அண்ணன் ரெண்டு தடவை எழுதினான். ‘இன்னும் முடியலண்ணா, எதாச்சும் உடைஞ்சா பேரு கெட்டுப் போயிரும்’னேன். நெஜம் என்னன்னா, குடுத்தா எல்லாத்தையும் தொறந்து பார்ப்பாங்க, பதியற வரியையும் பார்ப்பாங்க. அதை எடுத்துட்டுக் குடுத்திருக்கலாமே. குடுத்திருக்கலாம். அப்ப அண்ணனுக்கும் அதையே போடுவாங்க, வீட்டுலயும் எடுக்க வேண்டியிருக்கும். சரி, எப்பக் கெடைச்சிருக்கும். ஆவணியில ஒரு ஞாயித்துக்கிழமை நான் தாராபுரத்துக்குக் கல்யாணத்துக்குப் போயிருந்தேன். தியாகு வந்து பார்த்துட்டுப் போனான்னு மயிலாத்தாக்கா சொன்னாங்க. மறுநாள் காலையில பார்த்தா ஞாயித்துக்கிழமை ஃபைலே இல்ல. சனி இருக்குது, திங்கள் ஆரம்பிச்சிருக்குது, நடுவுல காணோம். அண்ணனுக்கு உடம்புக்கு என்னமோன்னு பயந்து போய், யோசிக்காம வாயை விட்டுட்டேன், ‘நேத்து ஏண்ணா ஒண்ணுமே தட்டல?’ அவன் என்னையே பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான். அப்புறம் கண்ணுல ஒரு சிரிப்பு. ‘மயிலாத்தாக்கா சொன்னாங்க’ன்னு சமாளிச்சுட்டேன். சமாளிச்சுட்டேன்னுதான் இத்தனை நாள் நெனச்சுக்கிட்டிருக்கேன். இந்த ஏசி வேற கழுத்துலயே அடிக்குது.

தியாகு இப்பக் குனிஞ்சு நிக்கறான். ப்ராஜெக்டர்ல படம் போயிருச்சு, அவன் லேப்டாப்புக்கும் கேபிளுக்கும் ஆகல போல. கோபிநாத் சார் வாட்ச்சைப் பார்க்கறார். ஆபீஸ் லேப்டாப்பைக் கொண்டு வந்து வைக்கறாங்க, தியாகு பாக்கெட்ல இருந்து பென் டிரைவ் எடுத்துச் சொருகறான். விரல் தடுமாறுது. நல்லாத் தடுமாறட்டும். ‘சாரி மேடம், ஒரு ரெக்கார்டிங் ஓட்டிக் காட்டறேன். நெஜத்துல ரொம்ப நேரம் எடுக்கும், எட்டு மடங்கு வேகத்துல காட்டறேன்’ங்கறான். பதிஞ்சதை ஓட்டறதையும் சேத்தே எடுத்துட்டு வந்திருக்கான். அதுக்கு எந்த ஃபைலுன்னு சொல்ல வேண்டாம், கூட இருக்கறதுல கடைசியா எது பதிஞ்சுதோ அதை எடுத்துக்கும், நான் அப்படித்தான் எழுதினேன். அவன் தன்னோட லேப்டாப்புல வணக்கம், தண்ணீர் வேண்டும்னு ஏதாச்சும் அழகாப் பதிஞ்சு வச்சிருந்திருப்பான். ஆனா இது அவன் லேப்டாப் இல்ல. இது பென் டிரைவ், அவன் பதிஞ்சு வச்சது இதுல இருக்காது. விண்டோ தொறக்குது. மஞ்சள் வரிசை ஓட ஆரம்பிக்குது. வலது மூலையில சிவப்புப் புள்ளி ஒண்ணு, நடுக்கம்னு ஒதுக்கின தட்டலுக்கெல்லாம் மினுங்கறது. அது மினுங்குது. ஒண்ணு, உடனே ரெண்டு, சித்த விட்டு ஒண்ணு. எழுத்து ஏறறதுக்கு முன்னாடியே எனக்குத் தெரிஞ்சு போச்சு. இது யாரும் வேணும்னு தட்ட முடியாத தாளம். தெனமும் காலையில பால் பொங்கறதுக்குள்ள நான் பார்க்கற தாளம். எங்கண்ணன் இங்க வந்து உக்காந்து தட்டற மாதிரி இருக்குது.

‘வா தியாகு’ன்னு ஏறுது. தியாகு திரும்பித் திரையைப் பார்க்கறான், முகத்துல ரத்தம் இல்ல. டாக்டர் ரேச்சல் சிரிக்கறாங்க, உங்க பேரே வருதேன்னு. ‘அவ கல்யாணத்துக்குப் போயிருக்கா’. தாராபுரம். ஞாயித்துக்கிழமை. காணாமப் போன ஃபைலு. நான் முன் சீட்டோட கம்பியைப் பிடிச்சுக்கிட்டேன். ‘இதை எடுத்துட்டுப் போ. சென்டருக்குக் குடு’. அண்ணா. நீயா. மனசுக்குள்ள ஊரெல்லாம் தேடினேனே, யார் குடுத்ததுன்னு. நீயாண்ணா குடுத்த. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாம, நான் பட்டுச்சேலை கட்டிக்கிட்டுப் போன நேரம் பார்த்து. ‘அவ தர மாட்டா. ரெண்டு தடவை கேட்டாச்சு’. என்னைவிட அவன் ஒசத்தியாப் போயிட்டானா. மலம் எடுத்தது நானு, முழுங்க முடியாத காலத்துல மூக்குக் குழாய்ல கஞ்சி ஊத்தினது நானு, கட்டிக்கறேன்னு வந்தவனைக்கூட அண்ணன் இருக்கான்னு அனுப்பி வச்சது நானு. ‘வளர் பாவம்’னு ஏறுது, ஏறினது நிக்கல, ஒவ்வொரு எழுத்தா அழியுது. அழிச்சுட்டான். பாவம்கறதைக்கூட வேண்டாம்னு அழிச்சுட்டான். ஹால்ல யாரோ செருமறாங்க. தியாகு மவுஸைப் பிடிச்சு எக்ஸை ஒரு தடவை அமுக்கறான். மூடல. நின்னு யோசிச்சு இன்னொரு தடவை. மூடாது தியாகு. மூணு தடவை வேகமா அமுக்கணும், இப்பத்தானே நீயே சொன்ன, தெரியாத்தனமா மூடிராமப் பாத்துக்கறோம்னு.

‘இன்னிக்கு நான் தட்டினதையும் எடுத்துட்டுப் போயிரு. இங்க இருக்கக் கூடாது’. அடுத்தது ‘அ’. அவளுக்குன்னு வரும். எனக்குத் தெரியும், ஒரு எழுத்துக்கு முன்னாடி, ரெண்டு எழுத்துக்கு முன்னாடி எனக்குத் தெரியும், நான்தான் எப்பவும் முடிச்சு வைக்கறவளாச்சே. அவளுக்குச் சர்ப்ரைஸாக் குடுக்கணும்னு இருக்கும், பொறந்தநாளுக்குத் தெரிஞ்சாப் போதும்னு இருக்கும், அவ பேரு ஊரெல்லாம் தெரியட்டும்னு இருக்கும். வருது. ‘அவ எல்லாத்தையும் படிக்கறா. அழிச்சதையும்’. ஹால்ல முப்பது பேர் படிக்கறாங்க. அவ யாருன்னு அவங்களுக்குத் தெரியாது, எனக்கும் தியாகுவுக்கும் தெரியும். ‘எள்ளுருண்டை அன்னைக்கே தெரியும். மூணு வருஷமா’. மூணு வருஷமாத் தெரிஞ்சுக்கிட்டே தட்டியிருக்கான். காலையில நான் டம்ளரோட போய், ‘என்னண்ணா, நல்லாத் தூங்கினயா’ன்னு ஒண்ணும் தெரியாத பாப்பா மாதிரி கேப்பேனே, அத்தனை காலையிலயும் அவனுக்குத் தெரியும். அப்ப எது எனக்காக எழுதினது, எது தனக்காக எழுதினது. முதுகு எரியுதுன்னு எழுதினப்ப அதை நான் படிப்பேன்னு தெரிஞ்சா எழுதினான். தூங்கறப்ப உன் மூச்சு கேட்டாத்தான் எனக்குப் பயம் போகுதுன்னு ஒரு நாள் எழுதி அழிச்சிருந்தானே, அது எதுல சேத்தி. நான் எந்திரிச்சுட்டேன். எப்ப எந்திரிச்சேன்னு தெரியல, சீட்டு டப்புன்னு மடங்கின சத்தத்துக்கு எல்லாரும் திரும்பிப் பார்த்தாங்க. இது என்னுதுன்னு சொல்றதுக்குத்தான் எந்திரிக்கறதா இருந்தேன். இப்ப அதைச் சொன்னா அந்த அவ நான்தான்னு சொன்ன மாதிரி. அத்தனை கண்ணுக்கு நடுவுல நடந்து போறேன், கோபிநாத் சார், ‘வளர்மதி, என்னாச்சு’ங்கறார், அவர் கால் மேல முட்டிக்கிட்டே போறேன்.

லேப்டாப் முன்னாடி நிக்கறேன். நெஜமான ஒரு தட்டு வந்தா ஓடறது நின்னுரும். எந்தக் கட்டையா இருந்தாலும் போதும், ஆளு வந்துட்டாங்கன்னு அது தெரிஞ்சுக்கும். விரலை ஸ்பேஸ் பாருக்கு மேல வச்சுட்டேன். அமுக்கல. திரையில ‘நல்லவதான்’னு ஏறுது. ஒவ்வொரு எழுத்தா, சிவப்புப் புள்ளி மினுங்க மினுங்க, நல்லவதான். அப்பாடான்னு இருக்குது. இவ்வளவுக்கு அப்புறமும் நல்லவதான்னு சொல்லிட்டான், போதும், இத்தோட அமுக்கிரு வளர். அமுக்கல. ‘ஆனா’. மஞ்சள் வரிசை மேல இருந்து கீழ எறங்குது. அடுத்த எழுத்து வரப் போகுது. எனக்குத் தெரியணும். இந்த ஒண்ணு மட்டும் தெரிஞ்சாப் போதும், அப்புறம் அந்தப் பதியற வரியை எடுத்தர்றேன், இன்னைக்கே எடுத்தர்றேன், அம்மா சத்தியமா. அந்தச் சத்தியத்தைத்தான் ஏற்கெனவே பண்ணியாச்சே. முப்பது பேர் படிச்சுக்கிட்டிருக்காங்க, அவன் ஒருத்தன்கிட்ட மட்டும் சொன்னதை. இங்க இருக்கக் கூடாதுன்னு சொல்லிக் குடுத்து அனுப்பினதை. மஞ்சள் ஒரு வரிசையில நிக்குது, அவன் தட்டிட்டான், இனி அதுக்குள்ள எழுத்து எழுத்தா ஓடும். நான் அமுக்கிட்டேன்.

நின்னு போச்சு. ‘நல்லவதான். ஆனா’ன்னு எட்டடிக்கு நிக்குது. நான் எக்ஸை மூணு தடவை அமுக்கினேன், வேகமா. சுவர் வெறுமையாச்சு. பென் டிரைவைப் பிடுங்கினேன். சூடா இருந்துச்சு. டாக்டர் ரேச்சல் மெதுவாக் கேட்டாங்க, ‘இதைத் தட்டினவர் யாருங்க?’ ‘எங்கண்ணனுங்க’ன்னேன். ‘இதை இங்க காட்டறது அவருக்குத் தெரியுமா?’ ‘தெரியாதுங்க’. வேற என்ன சொல்றது. இருநூத்தி எண்பதைப் பத்தி அவங்க கேக்கல, நானும் சொல்லல. கோபிநாத் சார் அஞ்சு நிமிஷம் பிரேக்னு எல்லாரையும் வெளிய அனுப்பினார். எல்லாரும் என்னைப் பார்க்காம பார்த்துக்கிட்டே போனாங்க.

தியாகு மட்டும் நின்னான். ‘என் பேரைப் போட்டது தப்பு வளர். பெரிய தப்பு. காலையில சொல்லலாம்னுதான் வந்தேன்’னான். உன் காலையை வச்சு நான் என்ன பண்றதுன்னு கேக்கலாம்னு நெனச்சேன். துரோகின்னு சொல்லலாம்னு நெனச்சேன். அதைவிட எனக்கு வேற ஒண்ணு பெரிசாத் தெரியுது. இவன் அன்னைக்கு அங்க இருந்தான். ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கிட்டு, வாயைத் தொறக்காம, கடைசி எழுத்து வரைக்கும் பார்த்துக்கிட்டு உக்காந்திருந்தான். ஆனாவுக்கு அப்புறம் என்னன்னு இவனுக்குத் தெரியும். எங்கண்ணன் என்னைப் பத்தி என்ன சொன்னான்னு இந்த உலகத்துல இவன் ஒருத்தனுக்குத்தான் தெரியும். அவனும் அதையேதான் நெனச்சிருக்கணும். ‘மிச்சம் என்னன்னு சொல்லட்டா?’ன்னான். பென் டிரைவைக் கையில இறுக்கிப் பிடிச்சேன். வேணும்னா இவனைக் கேக்க வேண்டியதில்ல, டேபிளுக்குப் போய்ப் பத்து நிமிஷத்துல நானே ஓட்டிப் பார்த்துக்கலாம். இதைக் கொண்டு போய் அண்ணன் கை பக்கத்துல வைக்கலாம், அவன் சொல்றதா இருந்தா அவனே தட்டட்டும்னு பக்கத்துல உக்காரலாம். எவ்வளவு நேரம் உக்காருவேன் நான். ‘ஆ’ன்னு ஏறினதும் வாயைத் தொறந்துருவேனே. தியாகு பதிலுக்காக நிக்கறான். கையைக் கட்டிக்கிட்டு, எங்க வீட்டுக் கட்டில் பக்கத்துல உக்காந்திருக்கற மாதிரியே. வேண்டாம்னு சொல்லப் போறேனா, சொல்லுன்னு சொல்லப் போறேனான்னு அவன் ஊகிக்கக்கூட இல்ல.